மாமையும் பசலையும்

அலங்காரம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு. அதைப் பற்றிப் பேசுவதற்கு இலக்கியச் சஞ்சிகையின் பக்கங்கள் எதற்கு என்று கேட்கிறார்கள் சிலர். மறுபுறத்தில், பெண்கள் கண்ணாடி முன் நிற்கும் நேரத்தையெல்லாம் ஒழுக்கக் கணக்கில் பதிந்துவைக்கும் பெரியவர்களும் உளர். கொள்கையில் எதிரெதிராக நிற்கும் இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர்: அந்தப் பண்டங்களை வாங்கிப் பூசுகின்ற பெண்ணுடன் இருவருமே பேசுவதில்லை. அவளுடன் ஓயாது பேசிக்கொண்டிருப்பவன் விளம்பரக்காரன் ஒருவனே. ஆகவே அவன் சொல்வதை அவள் கேட்கிறாள். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

நான் வாழும் மருதமுனை, கல்முனைக்கு வடக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் நெசவாளர் ஊர். சாரமும் சேலையும் நெய்து பெயர் பெற்றது. என் வாப்பாவும் தறியில் இருந்தவர். புதிய சாயம் தோய்த்த நூல் வீட்டுக்கு வந்தால், அவர் அதை உடனே பாவில் ஏற்றமாட்டார். ஓர் இழையை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்துத் தேய்ப்பார்; ஒரு துண்டை வெயிலில் போட்டுவைப்பார். சாயம் ஒட்டுகிறதா, வெளிறுகிறதா என்று கண்டபின்பே நூல் தறிக்குப் போகும். நூலுக்கு இவ்வளவு சோதனை செய்கின்ற ஊரிலே, பெண்ணின் தோலுக்கும் முடிக்கும் எவ்விதச் சோதனையும் இன்றி எதையும் ஏற்றிவிடலாம் என்ற நிலை எப்படி வந்தது? இந்தக் கேள்வியை என் முன் வைத்தவள் ராத்தாவின் மகள்.

அவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவள். பாடசாலை விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பையையும் கொண்டுவந்தாள். முடியை நேராக்கும் மின்கருவி ஒன்று, முடி உலர்த்தும் கருவி ஒன்று, உதட்டுச்சாயங்கள் இரண்டு, மருதோன்றிக் கூம்புகள் சில, சுறுமாக் குப்பி ஒன்று, இவற்றோடு பெயர்ச்சீட்டில்லாத ஒரு சிறு களிம்புக் கிண்ணம். "சாச்சி, எல்லாத்தையும் ஒருக்காப் போட்டுப் பார்ப்பமா?" என்றாள். பார்ப்போம் என்றேன். ஒரேயொரு நிபந்தனை விதித்தேன்: ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அது உடம்பில் படவேண்டும். அவள் உயிரியல் பயின்றவள். நான் தமிழ் பயின்றவள். இருவர் படிப்பும் அந்த ஒரு வாரத்துக்குத் தேவைப்பட்டன.

முதலில் முடி. நம் முடி கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பிணைப்புகளில் இருவகை முக்கியமானவை. ஐதரசன் பிணைப்பு வலுக்குறைந்தது; நீரிலும் வெப்பத்திலும் அவிழ்ந்து, உலரும்போதும் ஆறும்போதும் புதிய நிலையில் மீண்டும் கட்டிக்கொள்ளும். கந்தகப் பிணைப்போ வலியது. அதை அறுக்க இரசாயனம் வேண்டும். மின்கருவியின் சூட்டுத்தட்டு முதல் வகையை அவிழ்த்து முடியை நேராக நிறுத்துகிறது. அவ்வளவே அதன் வித்தை. பிற்பகலில் அவள் சுருள் முடியைப் பாதி நேராக்கி முடித்தோம். மாலையில் கடற்கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஈரக்காற்று அதை மீண்டும் சுருட்டிவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

செய்து பார்த்ததில் சில நடைமுறைப் பாடங்களும் கிடைத்தன. ஈர முடியில் சூட்டுத்தட்டை வைக்கலாகாது. இழைக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழியாகப் பொங்கி முடியை உள்ளிருந்தே உடைக்கும். சில கருவிகள் 200 பாகைக்கும் மேல் சூடேறுவன. வெப்பத்தைக் குறைக்கும் வசதி இல்லாத கருவியை வாங்காமலிருப்பதே நலம். உலர்த்தும் கருவியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். உம்மம்மா காலத்துத் தேங்காயெண்ணெய்க்கும் அறிவியல் ஆதாரம் உண்டு: கழுவுவதற்கு முன் அதைத் தேய்த்தால் முடி இழக்கும் புரதம் குறைகிறதென்று 2003இல் இந்திய ஆய்வாளர் எழுதினர். அந்த ஆய்வு எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றில் நடந்தது என்பதையும் அவளுக்குச் சொன்னேன். யார் சொல்கிறார் என்பதும் சொல்லப்படும் பொருளின் ஒரு பகுதியே.

ஆனால் முடி நேராகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றொரு பெயர் தமிழில் உண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்த பெயர் அது. சுருளும் அங்கே அழகின் ஒரு வகை, திருத்தப்படவேண்டிய குறையன்று.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை இதற்கு நல்ல விளக்கம். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் சுதந்திரப் பிள்ளையாகப் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்த சேரா பிரீட்லவ் என்ற பெண், பிற்காலத்தில் 'மேடம் சி. ஜே. வோக்கர்' என்ற பெயரில் முடிப் பராமரிப்புப் பொருள்களை விற்று, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு விற்பனைத் தொழிலும் வருமானமும் தேடிக்கொடுத்தார். 1919இல் அவர் மறைந்தபோது பெருஞ்செல்வராய் இருந்தார். அது ஒரு பெண்ணின் வெற்றி என்பதில் ஐயமில்லை. எனினும் அந்நாட்டில் சூட்டுச் சீப்பு பரவியதற்கு, சுருண்ட முடியோடு போனவளுக்கு வேலை எளிதிற் கிட்டவில்லை என்பதும் ஒரு காரணம். இயற்கையான முடியின் பொருட்டு ஒருவரை வேலையிலும் பாடசாலையிலும் ஒதுக்கலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் சட்டமியற்றிய ஆண்டு 2019. சீப்பு சூடானதற்கும் சட்டம் வந்ததற்கும் இடையில் ஒரு நூற்றாண்டு.

அடுத்து மருதோன்றி. இலையை அரைத்துப் பூசினால் கிடைப்பது செம்மஞ்சளும் செம்மையுமே. கருமை ஒருபோதும் கிடையாது. சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பற்றும் கூம்பில் இருப்பது பெரும்பாலும் முடிச்சாயத்தில் சேர்க்கும் இரசாயனம். அது தோலில் நேரே பட்டால் கொப்புளம் எழும்பலாம். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் நிலைக்கவும் கூடும். அவள் கொண்டுவந்த கூம்புகளில் கறுப்பாய் இருந்ததை ஒதுக்கிவைத்து, வேலியோரத்து இலையைப் பறித்து அரைத்தோம். பழையது என்பதனாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். சுறுமாவில் பல வகை ஈயக் கலவையால் ஆனவை. குழந்தைகளின் கண்ணுக்கு அதைத் தீட்டும் வழக்கம் கைவிடப்படவேண்டியது. அக்குப்பியும் ஒதுங்கியது. உதட்டுச்சாயம் இரண்டிலும் சேர்மானங்களும் காலாவதித் திகதியும் அச்சிடப்பட்டிருந்தன. வாப்பா நூலைச் சோதித்த முறையிலேயே முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி பூசி இரண்டு நாள் பொறுத்தோம். அரிப்பில்லை, சிவப்பில்லை. பூசிக்கொண்டாள், அழகாகத்தான் இருந்தது.

கடைசியில் அந்தக் கிண்ணம். அதைப் புதிதாகச் சோதிப்பதற்கு இடமில்லை. ஏனெனில் இரண்டு மாதமாக அவள் அதைப் பூசிவந்திருக்கிறாள். கன்னம் மெலிந்து சிவந்து, நுண்ணிய இரத்தக்குழாய்கள் வெளியே தெரிந்தன. வெயிலில் நின்றால் எரிகிறது என்றாள். இதன் வரலாறு மெல்ல மெல்ல வெளிவந்தது. அவளுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. வந்த பெண்மணி தேநீர் குடித்து முடித்து, "புள்ள நல்ல புள்ளதான். நிறந்தான் கொஞ்சம் கொறவு. வளவோட இன்னுங் கொஞ்சம் போட்டுக் குடுத்தா முடிக்கலாம்" என்று சொல்லிப் போயிருக்கிறாள். பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்தே கலியாணம் செய்விக்கின்ற கரை இது. வீட்டுக்கு மேலும் கொடுக்க ராத்தாவிடம் என்ன இருக்கிறது? நூல் சுற்றிப் பெறும் கூலியில் ஒரு வாரப் பணத்துக்கும் மேலாகக் கொடுத்து அந்தக் கிண்ணத்தை வாங்கினாள். ராத்தாவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கலியாணச் சந்தை நிறத்துக்கு விலை குறிக்கிறது. அவள் தன் கைக்கெட்டிய மலிவான வழியைத் தேடினாள்.

கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மகள், "இதுல என்ன போட்டிருக்காங்கெண்டு ஏன் சாச்சி எழுதல்ல?" என்று கேட்டாள். அந்த வாரத்தின் சிறந்த கேள்வி அதுதான்.

எழுதாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய களிம்புகளில் இருவகை நஞ்சு பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, வைத்தியரின் மேற்பார்வையில் மாத்திரம் பூசத்தக்க ஸ்டீரொயிட் மருந்து. நாள்பட்டால் அது தோலை மெலியச் செய்யும். மற்றது பாதரசம். நம் தோலுக்கு நிறந்தருகின்ற மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. தடுப்பதோடு நில்லாமல் உடம்புக்குள் ஊறிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குகிறது. மெலனினோ இந்நாட்டு வெயிலின் கடுங்கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் குடை. குடையை எரித்துவிட்டு வெயிலில் நடக்கச் சொல்கிறது அந்தக் கிண்ணம்.

பாதரசத்தின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியவர் நம்மைப்போன்ற கடற்கரை மக்களே. ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலையொன்று கடலில் கலந்த பாதரசக் கழிவு மீனில் சேர்ந்து, மீனவக் குடும்பங்களை முடமாக்கியது. அந்நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013இல் உருவான சர்வதேச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இலங்கையும் அதில் இணைந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அழகுப் பொருள்களை 2020க்குள் ஒழிக்கவேண்டும் என்றது அது. 2023இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த எந்த அழகுப் பொருளும் 2025க்குப் பின் இருக்கலாகாது என்று முடிவு செய்தன. எழுதப்பட்ட விதி இவ்வாறிருக்க, பெயர்ச்சீட்டில்லாத கிண்ணம் ஒன்று ராத்தாவின் கைக்கு வந்துசேர்ந்தது.

அவளை வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். களிம்பை உடனே நிறுத்தச் சொன்னார். ஸ்டீரொயிட் கலந்திருக்கும் என்று ஐயுற்றார். சிறுநீரைச் சோதிக்கவும் எழுதிக் கொடுத்தார். சிறுநீரகத்துக்குப் பழுதில்லை என்று தெரியவந்த நாளில்தான் ராத்தா வயிறாரச் சோறு உண்டாள். தோல் தேற மாதங்கள் செல்லும். இடையில் முன்னிலும் கறுத்துத் தோன்றவும் கூடும் என்று வைத்தியர் முன்னறிவித்திருந்தார். அவ்வாறே ஆயிற்று.

அந்நாட்களில் அவளோடு சங்கப் பாடல்கள் சிலவற்றைப் படித்தேன். மாந்தளிர் போன்ற கருமை கலந்த நிறத்தைப் பழந்தமிழர் 'மாமை' என்றனர். அதுவே அவர்கள் கண்ட பெண்ணழகு. அந்த மாமை அழிந்து மேனி வெளிறுவதைப் 'பசலை' என்றனர். அது பிரிவுத் துயரால் வரும் நோய். குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் இரங்குவது தன் மாமை அழகைப் பசலை உண்கிறதே என்றுதான். பசலையின் துன்பத்தைப் பாடவே திருக்குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது. மூதாதையர் நோயென்று அழுததை நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். இவ்வளவு பெரிய தலைகீழ் மாற்றம் தானாக விளைந்ததன்று. வெள்ளையர் ஆட்சி அதிகாரத்துக்கு ஒரு நிறத்தைக் கொடுத்தது. வெயிலில் உழைப்பவரையும் நிழலில் இருப்பவரையும் நிறத்தால் பிரிக்கும் பழைய செருக்கு அதற்குத் துணைநின்றது. அந்த வெட்கத்தைப் புட்டியில் அடைக்க வியாபாரம் வந்தது. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த புகழ்பெற்ற சிவப்பழகுக் களிம்பு ஒன்று, நிறவெறிக்கெதிராக உலகெங்கும் குரலெழுந்த 2020இல் தன் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. சொல் போயிற்று; வெட்கம் இன்னும் வீடுகளில் இருக்கிறது.

அந்தப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. மகளோ பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருக்கிறாள். "கண்ணுக்கு மையும் போடுவன், உதட்டுக்குச் சாயமும் பூசுவன் சாச்சி. என்ட நிறத்த மாத்தத்தான் மாட்டன்" என்கிறாள். அலங்காரத்துக்கும் அவமானத்துக்கும் இடையிலுள்ள கோட்டை என்னைவிடத் தெளிவாக அவள் வரைந்துவிட்டாள். தன் மகிழ்ச்சிக்காகப் பூசும் சாயம் அவள் உரிமை. அவள் பிறந்த மேனியைக் குற்றமாக்கி, அக்குற்றத்துக்குத் தண்டப்பணமும் கேட்பது சுரண்டல்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. விஞ்ஞான பாடத்தில் புரதமும் பாதரசமும் வருகின்றன. தமிழ்ப் பாடத்தில் மாமையும் பசலையும் வருகின்றன. இரண்டையும் மாணவியின் கைப்பையிலுள்ள கிண்ணத்தோடு பொருத்திக் காட்டுவோம். பெயர்ச்சீட்டு வாசிக்கக் கற்பிப்போம். சேர்மானம் எழுதாத பண்டம் தோலில் படலாகாது என்பதை வாய்பாடுபோல் மனத்தில் பதிப்போம். நுகர்வோரைக் காக்கவென்று 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அதிகாரசபை ஒன்று இந்நாட்டில் இருக்கிறது. நஞ்சு விற்பவரைப் பற்றி அதற்கு முறையிட மாணவரையும் பெற்றோரையும் பழக்குவோம். ஆண்பிள்ளைகளின் வகுப்பிலும் இதைப் பேசுவோம். நாளை பெண் பார்க்கப் போகிறவர்கள் அவர்களே. நிறத்துக்கு விலை குறிக்கின்ற பேச்சு தன் வீட்டிலிருந்து புறப்படலாகாது என்று ஒவ்வொருவனும் தன் உம்மாவிடம் சொல்லத் துணியவேண்டும்.

தறிக்குப் போகுமுன் நூலைச் சோதிக்கும் ஊர் எங்களுடையது. அந்தக் கவனத்தில் ஒரு பங்கை எங்கள் பெண்பிள்ளைகளுக்கும் ஒதுக்குவோமாக.