திருவூடல் காணச் சென்ற இருவர்

தொண்டை நாட்டில், கமண்டல நாக நதிக்கரையில் அமைந்த ஊர் ஆரணி. கைத்தறிப் பட்டே அவ்வூரின் பெருமை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு எத்தனையோ மணப்பெண்களை அழகு செய்திருக்கிறது. அதை நெய்யும் கைகளோ தெருவோரச் சிறு வீடுகளுக்குள் ஓசையின்றி உழைத்து, ஓசையின்றி முதுமை எய்துகின்றன.

அத்தகைய வீடொன்றில் வாழ்ந்த முதிய தம்பதியர், 2016-ஆம் ஆண்டு தைப் பொங்கலுக்கு மறுநாள் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டனர். சனிக்கிழமை போய், ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். பெரியவருக்கு வயது 68, அம்மையாருக்கு 63. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உடன் வராமல் அவர்கள் இருவர் மட்டும் ஊர் தாண்டியது அதுவே முதன்முறை.

மணமான புதிதில் மூன்றாண்டுகள் குழந்தைப்பேறு வாய்க்கவில்லை. தசரத மன்னர் மகப்பேறு வேண்டி வழிபட்ட தலம் என்று போற்றப்படும் புத்திரகாமேட்டீசுவரர் திருக்கோயில் ஆரணி புதுக்காமூரில் இருக்கிறது. அந்த நாள்களில் இருவரும் வாரந்தோறும் அங்கு நடந்து சென்று வேண்டிக்கொண்டனர். வேண்டுதல் பலித்து இரண்டு பெண்களும் ஒரு மகனும் பிறந்தனர். அதன்பின் எங்கே சென்றாலும் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையும் இருந்தன. ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் சந்நிதிக்கும், நேர்த்திக்கடனுக்குத் திருப்பதிக்கும் பிள்ளைகளோடுதான் போனார்கள். பிறகு பேரன், பேத்தி. குழந்தை வேண்டி இருவராக நடந்தவர்கள், குழந்தை வந்தபின் இருவராக நடக்க நேரமே வாய்க்காமல் 44 ஆண்டுகளைக் கழித்துவிட்டனர்.

வீட்டின் முன்கூடத்தில் குழித்தறி. குழியில் கால்களை இறக்கிப் பெரியவர் நெய்வார். இரண்டு முழம் தள்டி ராட்டினத்தின் முன் அம்மையார் அமர்ந்து தார் சுற்றுவார். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை நூலைச் சிறு குழலில் சுற்றினால் அது தார். தாரை நாடாவுக்குள் பொருத்தி, இப்பக்கமும் அப்பக்கமும் ஓட விட்டால்தான் துணி வளரும். ஒரு தார் தீர்ந்ததும் அடுத்த தார் கையில் கிடைக்க வேண்டும். ராட்டினம் நின்றால் சற்று நேரத்தில் தறியும் நின்றுவிடும். நெய்பவர் கை ஓரிடத்திலும் நூல் சுற்றுபவர் கை ஓரிடத்திலுமாக இருந்தாலும், சேலை என்னவோ இருவரும் சேர்ந்து நெய்வதே.

முந்தைய புரட்டாசியில் ஒருநாள் மகன் தந்தையிடம் பேசினான். அவன் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் பணிபுரிபவன், தறி பழகாதவன். “உங்களுக்குக் கால் மரத்துப் போகிறது அப்பா. இனி எத்தனை நாள் இந்தக் குழியில் உட்காருவீர்கள்? தறியை எடுத்துவிட்டால் பிள்ளைகள் படிக்க ஓர் அறை கட்டலாம்” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. “தை பிறக்கட்டும், எடுத்துவிடலாம்” என்றார் பெரியவர்.

அடுக்களையில் இருந்த அம்மையாரின் செவியில் அது விழுந்தது. அவரை யாரும் கேட்கவில்லை.

அன்றுமுதல் வீட்டில் ஒன்றும் குறையவில்லை. வேளைக்குச் சுடுசோறு வந்தது. தார் ஒருநாளும் தாமதிக்கவில்லை. ஆனால் பேச்சு மட்டும் “சாப்பிடுகிறீர்களா?”, “தார் போதுமா?” என்ற இரண்டு கேள்விகளோடு நின்றுபோயிற்று. முதுமையின் அலுப்பு என்று பெரியவர் எண்ணிக்கொண்டார். உண்மை விளங்கியது மருமகளுக்குத்தான். மாட்டுப் பொங்கல் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக, “அத்தை, நீங்களும் மாமாவும் மட்டும் போய்த் திருவூடல் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாள். தயங்கிய இருவரையும் அவளே பேருந்தில் ஏற்றினாள். தானும் வருவதாக அழுத பேரனைக் கரும்புத் துண்டு கொடுத்துத் தேற்றினாள்.

போளூர் வழியாகப் பேருந்து சென்றது. இருவருக்கும் நடுவே, வழக்கமாகக் குழந்தை அமரும் இடத்தில், துணிப்பை இருந்தது. சன்னலோரம் இருந்த கணவரிடம் அம்மையார் பழக்கத்தில், “தலையை வெளியே நீட்டாதே” என்றார். சொன்ன பிறகே யாரிடம் சொன்னோம் என்பது புரிந்தது. இருவருமே சிரிக்கவில்லை.

திருவண்ணாமலையில் பெரிய நந்தி காய்கனிகளும் முறுக்கும் வடையும் கோத்த மாலைகளோடு காட்சி தந்தார். 217 அடி உயர இராசகோபுரத்தின் நிழலில் கூட்டம் நெருங்கி நின்றது. மாலையில் திருவூடல் தெருவில் இருவரும் இடம் பிடித்தனர்.

தை இரண்டாம் நாள் அத்தெருவில் நிகழும் திருவூடலின் காரணம் அன்பர்கள் அறிந்ததே. பிருங்கி முனிவர் சிவபெருமானை அன்றி வேறொருவரையும் வணங்காதவர். அம்மையை விலக்கி ஐயனை மட்டும் வலம் வந்தவர். அம்மை சினந்து தம் சக்தியை விலக்கிக்கொள்ள, நிற்கவும் வலுவிழந்தார் முனிவர். ஐயனோ மூன்றாவது காலாக ஊன்றுகோல் அளித்துத் தாங்கினார். தம்மை மதியாத அடியாருக்குத் தரிசனம் தரப் புறப்படும் அண்ணாமலையாரிடம் உண்ணாமுலையம்மை ஊடல் கொள்கிறார். இருவரின் திருமேனிகளும் எதிரெதிரே நெருங்குகின்றன, விலகுகின்றன. சுந்தரர் தூது நடக்கிறார். சமாதானம் ஆகவில்லை. அம்மை விரைந்து கோயிலுக்குத் திரும்பிக் கதவை அடைத்துக்கொள்கிறார். உலகாளும் ஈசன் அன்றிரவு குமரக்கோயிலில் தங்க நேர்கிறது.

சுற்றி நின்ற பெண்கள் அம்மனின் பக்கம் பேசி ஆரவாரித்தனர். அந்த ஆரவாரத்தின் நடுவே அம்மையார் மெல்லச் சொன்னார்:

“அம்மன் கோபித்துக்கொள்ள ஒரு தெருவே இருக்கிறது.”

நான்கு மாதங்களில் அவர் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். அம்மையார் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாக் கூட்டத்தில் எங்கும் அறை கிடைக்கவில்லை. ஒரு சத்திரத்தில் பெண்களுக்கு உள்கூடமும் ஆண்களுக்கு வெளித்திண்ணையும் ஒதுக்கியிருந்தார்கள். அம்மையார் உள்ளே சென்றதும் கதவு சாத்தப்பட்டது. தைக் குளிரில் துண்டைப் போர்த்திப் படுத்த பெரியவருக்கு உறக்கம் வரவில்லை. குமரக்கோயிலில் தங்கிய சுவாமியின் நினைவு வந்தது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பிருங்கியின் நினைவு வந்தது, சிரிப்பு அடங்கியது.

சேலை பார்க்க வரும் முதலாளி, “உங்கள் கை நல்ல கை” என்று அவரைத்தான் பாராட்டுவார். ராட்டினத்தின் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. கூலிக் கணக்கு எழுதும் நோட்டில் இருப்பது அவர் பெயர் மட்டுமே. அதெல்லாம் பிறர் செய்தது என்று தள்ளிவிடலாம். “எடுத்துவிடலாம்” என்று சொன்னது யார்? தறி தன்னுடையது என்று எண்ணி, இரண்டு முழத்தில் இருந்தவளைக் கேளாமல் சொன்னது தாமே அல்லவா? பாதியை விட்டுப் பாதியை வலம் வந்த முனிவரின் பிழையைத் தம் வீட்டுக் கூடத்திலேயே தாம் செய்திருப்பதாக அந்தத் திண்ணையில் அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அண்ணாமலையார் தனியே கிரிவலம் புறப்பட்டார். ஆண்டில் இருமுறை சுவாமி மலையை வலம் வருகிறார். கார்த்திகைத் தீபத்தின் பின் ஒருமுறை, திருவூடலுக்கு மறுநாள் ஒருமுறை. வலம் வரும் பாதை 14 கிலோமீட்டர். “எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது. நீங்கள் போய் வாருங்கள், நான் கோயிலில் உட்கார்ந்திருக்கிறேன்” என்றார் அம்மையார்.

“சுவாமி தனியாகப் போகக் காரணம் இருக்கிறது. எனக்கு என்ன காரணம்? மெல்ல நடப்போம். இருட்டினாலும் பரவாயில்லை” என்றார் பெரியவர்.

சுவாமியும் கூட்டமும் அவர்களைக் கடந்து முன்னே சென்றுவிட்டனர். இவர்கள் இந்திரலிங்கத்தில் தொடங்கி, அக்னி, எமன், நிருதி என ஒவ்வொரு சந்நிதியிலும் அமர்ந்து அமர்ந்து நடந்தனர். முதலில் கால்வலியைப் பற்றிப் பேச்சு. பிறகு எப்போதோ இறந்துபோன மாமியாரைப் பற்றி. மூத்த மகள் பிறந்த இரவில் பெய்த மழையைப் பற்றி. பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் ஒரு மணி நேரம் கழிந்ததை இருவரும் ஒரே சமயத்தில் உணர்ந்து, முதன்முறையாகச் சிரித்தனர்.

மலையின் மேற்கே அடி அண்ணாமலைத் திருக்கோயிலின் அருகே அமர்ந்திருந்தபோது பெரியவர் சொன்னார்: “தறியை எடுத்துவிடலாம் என்று பையனிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எடுக்கலாமா?”

அம்மையார் வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுக்கலாம். உங்கள் கால் வலி எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்கும் படிக்க இடம் வேண்டும். அன்றைக்கே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் பாவில் இன்னும் ஒரு சேலைக்கு நூல் இருக்கிறது. அதை அறுத்துவிடாதீர்கள். நெய்து முடிப்போம். முதலாளியிடம் சொல்லிக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இத்தனை வருடம் யார் யாருக்கோ நெய்தோம். கடைசிச் சேலை உண்ணாமுலையம்மனுக்கு இருக்கட்டும்” என்றார்.

பெரியவரால் பேச முடியவில்லை. எழுந்து, கையை நீட்டினார். அதைப் பற்றிக்கொண்டு அம்மையாரும் எழுந்தார்.

வாயு, குபேரன், ஈசானியம் என மீதிச் சந்நிதிகளையும் வணங்கி அவர்கள் கோயிலை அடைந்தபோது இருள் சூழ்ந்துவிட்டது. வலம் முடித்துத் திரும்பிய சுவாமிக்கும் அம்மைக்கும் மறுவூடல் நிகழ்ந்து, ஊடல் தணிந்திருந்தது. அடைத்த கதவு திறந்திருந்தது. கார்த்திகைத் தீபத்தன்று மாதொருபாகனாகக் காட்சி தரும் தலம் அது. பாதியைப் பிரித்துவிட்டு மறுபாதியை மட்டும் வணங்க இயலாது என்பதை ஆண்டுதோறும் ஒரு தெருவில் வைத்து உலகுக்குச் சொல்லும் தலமும் அதுவே.

மறுநாள் காலை ஆரணியில், அடுப்படியில் இருந்த மருமகளுக்கு ராட்டினம் சுழலும் ஓசை கேட்டது. அதற்கு ஊடே மாமனாரும் மாமியாரும் ஓயாமல் பேசும் ஓசையும் கேட்டது. அவள் கூடத்துப் பக்கம் வரவில்லை, பிள்ளைகளையும் வரவிடவில்லை.

அரக்கு நிறத்தில், பச்சைக் கரையோடு அச்சேலை மாசியில் நிறைவுற்றது. தறி இறங்கியது, ராட்டினம் மட்டும் பூசை மாடத்தின் கீழே இடம் பெற்றது. பங்குனியில் ஒரு சனிக்கிழமை, குழந்தைகளை மருமகளிடம் விட்டுவிட்டு, இருவரும் சேலையோடு மீண்டும் அண்ணாமலைக்குச் சென்றனர். அம்மன் சந்நிதியில் அருச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, “யார் பெயருக்கு?” என்று வினவினார்.

அதுவரை எந்தக் கோயிலிலும் முதலில் தம் பெயரையும், பின்பு பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லி, இறுதியில் “குடும்பத்தார்” என்று முடிப்பது பெரியவரின் வழக்கம். அன்று அவர் மனைவியின் பெயரையும் நட்சத்திரத்தையும் முதலில் சொன்னார்.