வாசலில் நின்ற மருந்து

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, "அக்கா, மூச்சு முட்டுது" என்றான் என் தம்பி. அன்று அவனுக்குக் கணக்குத் தேர்வு. "பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான்" என்று அம்மாவிடம் சொன்னவள் நான்தான்.

அன்றிரவே இழுப்பு முற்றிவிட்டது. விலா எலும்பு தெரிய மூச்சு வாங்கியவன், பேச முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். மருத்துவமனையில் முகத்தில் ஒரு மூடியை வைத்து, சால்புட்டமால் என்னும் மருந்தை ஆவிபோல் செலுத்தினார்கள். சிறிது நேரத்தில் மூச்சு சீரானது. "அக்கா, தண்ணி" என்றான். நான் அழுதுவிட்டேன்.

அம்மருந்து என்னதான் செய்தது? எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். "அது செல்லின் வாசலிலேயே நின்று வேலை செய்கிறது" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது.

மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைச் செல்லின் சவ்வில் 'ஏற்பி' என்னும் புரதம் இருக்கிறது. அது சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து நிற்கிறது. நம் உடலில் சுரக்கும் அட்ரினலினுக்காக அமைந்த அந்த இடத்தில் சால்புட்டமாலும் பொருந்துகிறது. பொருந்தியதும் ஏற்பியின் உட்பக்கம் சற்றே விரிய, செல்லுக்குள் காத்திருக்கும் 'ஜி புரதம்' அதைப் பற்றிக்கொள்கிறது. அதுவரை அப்புரதம் குவனோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்தபடி உறங்கிக்கொண்டிருந்தது. இப்போது பிடி தளர்ந்து அது வெளியேற, குவனோசின் டிரைபாஸ்பேட் அவ்விடத்தில் வந்து அமர்கிறது. உடனே ஜி புரதத்தின் ஆல்பா பகுதி பிரிந்து சென்று, அடினைலில் சைக்ளேஸ் என்னும் நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவற்றின் தூண்டுதலால் இறுகிய தசை தளர்கிறது. வேலை முடிந்ததும் ஆல்பா பகுதி தானே ஒரு பாஸ்பேட்டை வெட்டிவிட்டு மீண்டும் உறங்கப் போய்விடுகிறது!

இந்த ஏற்பியும் ஜி புரதமும் கைகோத்து நிற்கும் அமைப்பை, 2011-ஆம் ஆண்டு பிரையன் கோபில்கா குழுவினர் எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்தனர். ஏற்பிகளை ஆராய்ந்தமைக்காக அவரும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்கூட, வாசலில் வந்து நிற்கும் செய்தியை உடனே உள்ளே சேர்த்துவிடுகிறது. என் தம்பியும் அன்று காலை ஒரு செய்தியோடுதான் என்னிடம் வந்தான். நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் அவன் "அக்கா" என்றால், கையிலுள்ள புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன்.

– பத்தாம் வகுப்பு மாணவி