கண்ணீரும் ஆசனமும்

இலங்கை மாதர் வாக்குரிமை பெற்ற வரலாற்றை மாணவர்க்குப் பெருமையோடு எடுத்துரைப்பது ஆசிரியராகிய நமது வழக்கம். டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931ஆம் ஆண்டிலேயே 21 வயதடைந்த பெண்களும் இந்நாட்டில் வாக்களித்தனர். புரட்சியின் தாயகமெனப் போற்றப்படும் பிரான்சிலே பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இலேதான். எனவே நமது பெருமை நியாயமானதே. ஆயினும் வாக்களிக்கும் உரிமை வேறு, ஆளும் உரிமை வேறு. முன்னதைப் பெற்ற பெண் பின்னதை நோக்கி நடந்தபோது எந்த வாசலால் உள்ளே விடப்பட்டாள் என்ற கேள்வியை வகுப்பறையில் நாம் எழுப்புவது அரிது.

அரசாங்க சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி அட்லின் மொலமுறே. தந்தையார் மீதெனிய இறந்தமையால் வெற்றிடமான ருவன்வெல்லைத் தொகுதியில் 1931இல் அவர் வென்றார். அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்து, தம் கணவர் இழந்த ஆசனத்துக்கே போட்டியிட்டார். 1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார்; அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னரே அவர் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மூவருக்கும் வாசலாய் அமைந்தது ஓர் ஆண்மகன் விட்டுச்சென்ற இடமே.

இவர்தம் திறமையைக் குறைத்து மதிப்பிடுதல் என் நோக்கமன்று. நான் சுட்ட விரும்புவது, அவர்களைப் பார்த்த சமூகத்தின் கண்ணையே. சிறிமாவோ அம்மையாருக்கு அன்று சூட்டப்பட்ட பெயர் ‘அழும் விதவை’ என்பதாகும். 1952இல் தந்தை டி. எஸ். சேனநாயக்க இறந்ததும் மகன் டட்லி பிரதமரானார். அவரை ‘அழும் மகன்’ என்று நாடு அறியவில்லை. அவர் ‘வாரிசு’ எனவே கணிக்கப்பட்டார். சிறிமாவோவின் ஆட்சியை விமர்சிக்க நியாயமான காரணங்கள் பல இருந்தன. 1961இல் தமிழரின் சத்தியாக்கிரகத்தை இராணுவங்கொண்டு அடக்கிய ஆட்சி அது. அதே ஆட்சி அந்நிய எண்ணெய்க் கம்பனிகளை எதிர்த்தும் நின்றது. இவ்விரு செயல்களையும் ஒரு விதவையின் கண்ணீரைக் கொண்டு விளக்கிவிட முடியுமா? கொள்கையை எடைபோடும் உழைப்பிலிருந்து நம்மைத் தப்பவைப்பதே இத்தகைய பட்டப்பெயர்களின் பயன்.

இச்சொற்களை அரசியல் மேடை மட்டும் பிறப்பிப்பதில்லை. கடல் கடந்து வந்து நம்மவரின் பொழுதுகளை நிரப்பிய தமிழ்த் திரைப்படத்துக்கும் இதில் பெரும் பங்குண்டு. 1972இல் வெளிவந்த ‘பட்டிக்காடா பட்டணமா’வில் படித்த மனைவியைக் கிராமத்துக் கணவன் அடிக்கிறான், ஈற்றில் அவள் அடங்கி அவனோடு சேர்கிறாள். 1999இல் வந்த ‘படையப்பா’விலே செருக்குடைய நீலாம்பரி அழிகிறாள், அவள் வீட்டு வேலைக்காரியாகிய பணிவுள்ள பெண்ணே நாயகனை அடைகிறாள். முதற் படத்தில் அடங்கிய மனைவியாக நடித்த ஜெயலலிதா 1991இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். அதன்பின் அவரை ‘அம்மா’ என்றழைத்தே கட்சியினர் காலில் விழுந்தனர். அடக்கப்படவேண்டிய மனைவி ஒருபுறம், வணங்கப்படவேண்டிய தாய் மறுபுறம். இடையே ஒரு பெண் வெறும் அரசியல்வாதியாக நிற்பதற்கு நிலப்பிரபுத்துவ மனோபாவம் இடம் வைக்கவில்லை.

அம்மனோபாவம் பாடசாலை மதிலைத் தாண்டியும் வந்துவிடுகிறது. சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. மாணவன் ஒருவனின் சுவரொட்டியில் ‘துணிச்சலின் சிகரம்’ என்றிருந்தது. மாணவி ஒருத்திக்கு அவள் தோழர்கள் எழுதிக் கொடுத்தது ‘உங்கள் அன்புத் தங்கை’ என்பது. அவள் அதனை வெட்டிவிட்டு, ‘பெண்பிள்ளைகளின் கழிவறைக்குத் தண்ணீர்’ என்று எழுதினாள். காரணம் கேட்டேன்.

“ரீச்சர், நான் ஒருத்தருக்கும் தங்கச்சியாய் நிக்கேல்லை. தண்ணி வேணுமெண்டுதான் நிக்கிறன்.”

கூட்டத்தில் அவள் மேசையில் தட்டிப் பேசினாள். பின்னர் ஆசிரியர் அறையிலே ஒருவர், “பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் வாய் கூட” என்றார். அவளுக்கு முன் அதே மேசையில் தட்டிப் பேசிய மாணவனை நல்ல பேச்சாளன் என்று பாராட்டியவரும் அவரே. தண்ணீரைப் பற்றி அந்த அறையில் எவரும் பேசவில்லை.

எனினும், ஒரு பெண் பீடமேறுவதே பெண் விடுதலை என்று மயங்கலாகாது. 1960இல் உலகம் இலங்கையை வியந்து நோக்கிய நாளில், நமது தேயிலைக் கொழுந்தைப் பறித்த மலையகப் பெண்களுட் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்திருந்தன. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேரை இலங்கைப் பிரசைகளாக ஏற்கவும் வகைசெய்தது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணிடம் எந்நாட்டில் வாழ விரும்புகிறாய் என்று கேளாமலே அவ்வெண்கள் பேசித் தீர்க்கப்பட்டன. ஒப்பமிட்டவருள் ஒருவர் பெண் என்பதால் அவளுக்கு எந்த ஆறுதலும் கிட்டவில்லை. வர்க்கத்தை மறந்து பெண்ணுரிமை பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலையக மக்களிடையேயிருந்து முதன்முதலாகப் பெண்கள் பாராளுமன்றம் புகுந்தது 2024இலேதான்.

அவ்வாண்டில் பிரதமரான ஹரிணி அமரசூரிய பல்கலைக்கழக ஆசிரியையாக இருந்தவர். தந்தையின் ஆசனமோ கணவனின் ஆசனமோ அவருக்கு வாசலாகவில்லை. இது நல்ல தொடக்கம். ஆயின் அவ்வாண்டு தெரிவான 225 பேர் கொண்ட சபையில் பெண்கள் பத்திலொரு பங்கைக்கூட எட்டவில்லை. உள்ளூராட்சி மன்றங்களிலோ 2 சதவீதத்துக்கும் குறைவாயிருந்த பெண்கள், 25 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபின்னரே கணிசமாக உள்ளே வந்தனர். அனுதாபம் அரைநூற்றாண்டுக்கு மேலாகத் திறவாத கதவைச் சட்டம் ஒரே தேர்தலில் திறந்தது. பாராளுமன்றத்துக்கும் அத்தகைய சட்டம் வேண்டுமென்று ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் குரலெழுப்ப வேண்டும்.

ஆசனத்தைச் சட்டம் தரும். மதிப்பைத் தரவேண்டியவர்கள் நாமே. அடுத்த தேர்தலில் ஒரு பெண் வாக்குக் கேட்டு நம் படலைக்கு வரும்போது, அவள் யாருடைய மகள், யாருடைய மனைவி என்று விசாரிப்பதை விடுவோம். அவள் கொள்கை யாது, எந்த மக்களின் பக்கம் நிற்கிறாள், இதுவரை செய்தது என்ன என்று கேட்போம். விடை திருப்தி தராவிடின் தயங்காது தோற்கடிப்போம். ஆணுக்கு நாம் என்றும் வழங்கிவந்த மரியாதை அதுவே.