அம்மாவின் தாலாட்டு எந்த கம்ப்யூட்டரில் திறக்கும்?

2025 தீபாவளிக்கு மறுநாள் காலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் ஏறினார் அந்தப் பெரியவர். ஒரு கையில் மகளுக்கு வாங்கிய பால்கோவா. இன்னொரு கையில், மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய லேப்டாப். பால்கோவாவைத் தலைக்கு மேலே இருந்த கம்பித்தட்டில் வைத்தார். லேப்டாப்பை மட்டும் மடியை விட்டு இறக்கவே இல்லை.

அதற்குக் காரணம் இருந்தது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். 2004-ல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து மனதில் இருந்ததையெல்லாம் டைப் அடித்து வைத்திருக்கிறார். அம்மா பாடிய தாலாட்டு, ஒப்பாரி, வீட்டு விசேஷங்களின் தேதி, தபால் கொடுத்த தெருக்களின் பழைய பெயர்கள், எந்த வீட்டில் எந்த மணியார்டருக்கு யார் அழுதார்கள் என்பது வரைக்கும். இருநூறுக்கும் மேல் ஃபைல்கள். அம்மா இப்போது இல்லை. அந்தப் பாட்டுகள் வேறு எங்கும் எழுதி வைக்கப்படவும் இல்லை.

அந்த லேப்டாப்பில்தான் ஒரு வாரமாக ஒரு அறிவிப்பு வந்து நின்றது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது என்றது அது.

‘முடிந்தது’ என்ற சொல்லைப் பார்த்ததும் பெரியவருக்குக் கை நடுங்கிவிட்டது. உண்மையில் அன்றோடு கம்ப்யூட்டர் நின்றுவிடாது. வழக்கம்போல ஓடும். ஆனால் வைரஸ்காரர்கள் புதுசாக ஓட்டை கண்டுபிடித்தால், அதை அடைக்க மைக்ரோசாஃப்ட் அனுப்பும் இலவசத் திருத்தங்கள் இனி வராது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை கிடைக்கும். அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

“புதுசு வாங்கிடலாம் மாமா!”

ராஜபாளையம் வீட்டில் காபி ஆறுவதற்குள் விவாதம் தொடங்கிவிட்டது.

மருமகனுக்கு நூற்பாலை ஒன்றில் கணக்கு வேலை. லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தார். “2015 மாடல் மாமா. இதுல விண்டோஸ் 11 ஏறாது. அதுக்கு டி.பி.எம். 2.0-னு ஒரு பாதுகாப்பு சிப் வேணும். இன்டெல்னா எட்டாவது தலைமுறை பிராசஸராவது இருக்கணும். பேசாம புதுசு வாங்கிடலாம். நான் பார்த்துக்கிறேன்.”

“நல்லா ஓடுற மெஷினை எதுக்கு மாப்பிள்ளை தூக்கிப் போடணும்?”

“அதானே சித்தப்பா!” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த அண்ணன் மகள். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. “லினக்ஸ் போட்டுடலாம். காசு கிடையாது. இந்த 4 ஜி.பி. ராமே போதும். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்.”

மருமகன் சிரித்தார். “உனக்கென்னம்மா, நீ போட்டுக் கொடுத்துட்டு சென்னைக்கு பஸ் ஏறிடுவ. ராத்திரி பத்து மணிக்கு நெட் வரலைன்னா மாமா யாரைக் கூப்பிடுவாரு? விண்டோஸ்னா தெருவுக்கு ஒரு ஆள் இருக்கான்.”

இது சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. ராஜபாளையம் மாதிரியான ஊரில் விண்டோஸின் பலம் அந்த மென்பொருளில் மட்டும் இல்லை. சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் பையனிடமும் இருக்கிறது. அவன் படித்தது அது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்ததும் அது. மில் கணக்குகள் ஓடும் டேலிக்கு நேரடியான லினக்ஸ் பதிப்பு கிடையாது. பிரிண்டரோடு வரும் சி.டி.யும் பெரும்பாலும் விண்டோஸுக்கானதுதான்.

“அந்தத் தெருவுக்கு ஒரு ஆள்தான் அத்தான், சித்தப்பாவுக்கு முன்னாடி ஒரு தடவை டூப்ளிகேட் விண்டோஸ் போட்டுக் கொடுத்தாரு. ஞாபகம் இருக்கா?” என்றாள் அவள். மருமகன் காபியைக் குடித்தார்.

இரண்டு கதவு வைத்த லேப்டாப்

அவள் லினக்ஸுக்கு வந்த கதையே தனி. 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு பிளஸ் டூ படித்த அவளுக்கும் ஒன்று கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் அந்தக் கோபுர முத்திரையோடு வந்த லேப்டாப்.

ஆன் செய்தால் இரண்டு கதவு. ஒன்று விண்டோஸ் 7. இன்னொன்று பாஸ் லினக்ஸ்: மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம். அதற்கு முன்பே, எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அரசுக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸைக் கொண்டுவர முயன்றிருந்தார்.

அவளும் முதலில் அந்த இரண்டாவது கதவைத் திறக்கவே இல்லை. யாரோ கொடுத்த பென்டிரைவில் வந்த வைரஸ், விண்டோஸைப் படுக்க வைத்த பிறகுதான் திறந்தாள். செமஸ்டர் புராஜெக்ட் பத்திரமாக வெளியே வந்தது. அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம்.

“சரி, அரசாங்கமே வீடு வீடா லினக்ஸ் கொடுத்துச்சு. எத்தனை பேரு தொட்டாங்க? உன் கூடப் படிச்சவங்கள்ல யாராவது?” என்று கேட்டார் மருமகன்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. தொட்டவர்கள் குறைவுதான். கொடுத்தார்களே தவிர, வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

“மலைக்கு அந்தப் பக்கம் பாருங்க அத்தான்” என்று ஜன்னல் பக்கம் கை காட்டினாள். மழை மூட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை பாதிதான் தெரிந்தது. அதற்கு அப்பால் கேரளா. அங்கே 2001-ல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம், இன்று ‘கைட்’ என்ற பெயரில் நடக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்வதே லினக்ஸில்தான். அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; பாடப் புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள்.

“அப்படிச் சொல்லு” என்றார் மருமகன். “சாஃப்ட்வேர் இலவசம். சொல்லிக்கொடுக்கிற ஆள் இலவசம் இல்ல.”

அவளும் ஒப்புக்கொண்டாள். அன்றைய வாக்குவாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

“சண்டை வேணாம். போட்டுக் காட்டு, பார்ப்போம்” என்றார் பெரியவர்.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமல், அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் போதும், பழைய விண்டோஸ் பழையபடி இருக்கும். அவள் செருகினாள். திரை வந்தது. வைஃபை கிடைத்தது. தமிழ் விசைப்பலகை முறையும் அதிலேயே இருந்தது. பெரியவரின் முகம் மலர்ந்தது.

பிறகு ‘தாலாட்டு’ என்ற ஃபைலை லிபரே ஆபீஸில் திறந்தாள்.

தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் குறிகளும். ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “போச்சா?”

“நான்தான் சொன்னேனே!” என்று மருமகன் தன் புது விண்டோஸ் 11 லேப்டாப்பை எடுத்து வந்தார். அதே ஃபைலை பென்டிரைவில் மாற்றி, அதில் திறந்தார்.

எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மகள் தன் போனில் திறந்து பார்த்தாள். அதிலும் அதே கதை.

குற்றவாளி லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. பெரியவர் இத்தனை ஆண்டுகளாக அடித்தது பாமினி என்ற பழைய எழுத்துருவில். இந்த மாதிரி எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது தமிழை அல்ல. ஆங்கில ‘எம்’ என்றுதான் சேமிக்கும். திரையில் காட்டும்போது அந்த எழுத்துரு, ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’ என்று வரைந்து காட்டும். எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் தாலாட்டு. இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத கிறுக்கல்.

“எழுத்துருவை காப்பி பண்ணிப் போட்டா ரெண்டுலயும் இப்பவே தெரியும் சித்தப்பா” என்றாள் அவள். “ஆனா எல்லார் போன்லயும் போட முடியுமா? இருபது வருஷம் கழிச்சு உங்க பேரன் திறக்கும்போது யார் போட்டுக் கொடுப்பா?”

தபால்காரருக்கு இது சட்டென்று புரிந்தது. “விலாசத்தை நமக்கு மட்டும் தெரிஞ்ச பாஷையில எழுதி வச்சிருக்கேன். வேற தபால்காரன் வந்தா கடிதாசி சேராது.”

அவ்வளவுதான் விஷயம். அதற்கு மருந்து யூனிகோட். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்ற ஏற்பாடு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் அடித்த ‘அம்மா’ விண்டோஸிலும் அம்மாதான், லினக்ஸிலும் அம்மாதான், வாட்ஸ்அப்பிலும் அம்மாதான்.

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முதலில் எல்லா ஃபைல்களையும் இரண்டு இடங்களில் நகல் எடுத்து வைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அதிலும் ஒரு சிக்கல்: ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்களையும் அந்தக் கருவி தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். ‘மணியார்டர்’ என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் உளறலாகியிருந்தது. ஃபைல்களை மாற்றுவது மருமகனின் வேலை ஆனது. பிழை பார்ப்பது பெரியவரின் வேலை. கணக்குக்காரர் கண்ணுக்குத் தப்பாததால், ஒரே ஃபைல் இரண்டு முறை சேமிக்கப்பட்டிருந்ததும் வெளியே வந்தது.

யாருக்கு எது?

முடிவில் யார் ஜெயித்தது? மருமகன் விண்டோஸை விடவில்லை. விட வேண்டிய அவசியமும் இல்லை. டேலியும் மில் வேலையும் இருக்கும்வரை அவருக்கு அதுதான் சரி. எழுதுவது, படிப்பது, பாட்டு கேட்பது, வீடியோ பார்ப்பது, பாங்க் கணக்கு பார்ப்பது என்று இருக்கும் பெரியவருக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். அவர் லேப்டாப்பில் அதுவே ஏறியது.

எல்லாம் சுகமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. வீட்டிலிருந்த பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸோடு கடைசி வரை ஒத்துவரவில்லை. இப்போது பி.டி.எஃப். ஆக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மாலையில் நடந்து போய் வாங்கி வருகிறார். ஒரு முறை ஸ்பீக்கர் சத்தம் வராமல், போனில் அண்ணன் மகள் சொல்லச் சொல்ல அரை மணி நேரம் போராடினார். மருமகன் கேட்ட ராத்திரி பத்து மணிக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டி, போனிலேயே முடித்துவிட்டார். “இந்த ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுறதும் லினக்ஸ் கெர்னல்தான் மாப்பிள்ளை, தெரியுமா?” என்று மருமகனிடம் பெருமையாகச் சொன்னார். “அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிறது கூகுள் மாமா” என்று அவரும் விடவில்லை.

டிசம்பரில் ஒருநாள் காலை, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. பெரியவரின் அம்மா பாடிய தாலாட்டு, முழுசாக, தமிழில். ராஜபாளையத்தில் மகள் போனில் திறந்தது. சென்னையில் அண்ணன் மகளின் லினக்ஸில் திறந்தது. மில்லில் மருமகனின் விண்டோஸிலும் திறந்தது.

சாயங்காலம் மருமகனிடமிருந்து போன் வந்தது. குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“மாமா, எங்க அப்பா எழுதி வச்ச குடும்பக் கணக்கு ஒண்ணு, பழைய பாமினியிலதான் கிடக்கு. அந்த மாத்துற லிங்கை எனக்குக் கொஞ்சம் அனுப்புறீங்களா?”