கூடுதலாக ஓர் அறை

பெண் பிரசவத்துக்கு வருகிறாள். ஊரில் தனியாக இருந்த அம்மாவை அழைத்து வந்தாகிவிட்டது. மாடியில் ஓர் அறை கட்டியே தீர வேண்டும் என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. மறுநாளே கான்ட்ராக்டர் வந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார். அந்த அறையில் யார் படுக்கப் போகிறார்கள், அவரால் படியேற முடியுமா என்று மட்டும் கேட்பதில்லை.

திருவனந்தபுரத்தில், குடியிருக்கப் போகிறவர்களின் வாழ்க்கையை விசாரித்த பிறகே வரையத் தொடங்கிய ஒருவர் இருந்தார். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945இல் இந்தியா வந்து, கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, இந்தியக் குடிமகனாகவே 2007இல் மறைந்த லாரி பேக்கர். தம்பானூரில் சுழன்று சுழன்று ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்தவர்கள் அவர் கைவரிசையை அறிவார்கள். ஆனால் வீட்டைப் பெரிதாக்க நினைப்பவருக்குப் பாடம், நாலாஞ்சிறாவில் அவர் தமக்கே கட்டிக்கொண்ட ‘ஹாம்லெட்’. பாறைச் சரிவில் சின்னதாகத் தொடங்கிய வீடு. தேவை வந்தபோது ஓர் அறை, இன்னொரு தேவைக்கு இன்னொன்று என்று ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டி, கடனில் மூழ்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

மாடி எடுப்பவருக்கு முதல் கவலை, பழைய அஸ்திவாரம் தாங்குமா என்பது. பேக்கர் பரவலாக்கிய இரண்டு முறைகள் இங்கே கைகொடுக்கின்றன. ‘ராட் டிராப்’ சுவரில் செங்கல்லைப் படுக்க வைப்பதில்லை. பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்குகிறார்கள். செங்கல் சுமார் 25 சதவீதம் மிச்சம்; வெப்பமும் சுலபத்தில் உள்ளே வராது. ‘ஃபில்லர் ஸ்லாப்’ கூரையில் அடிப்பாகத்து இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை என்பதால் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதிக்கிறார்கள். சிமெண்டும் குறைகிறது, பாரமும் குறைகிறது. அப்படியும் அஸ்திவாரத்தை ஓர் இன்ஜினீயர் பார்த்தே ஆக வேண்டும். கேரளத்தின் 2019 கட்டட விதிகளின்படி அனுமதியும் வாங்க வேண்டும்.

பூசாத செங்கல் சுவர் எழுப்பிவிட்டு, அதுதான் பேக்கர் பாணி என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. பூச்சு இல்லாத சுவரில் பிழையை மறைக்க இடமில்லை. சரியாக வேகாத செங்கல், நிரம்பாத இணைப்பு - இடவப்பாதி மழை இவற்றைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே வந்துவிடும். அதனால்தான் பேக்கர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. கொத்தனார்களோடு கூடவே நின்று வேலை வாங்கினார். சி. அச்சுத மேனன், கே.என். ராஜ் ஆகியோரோடு சேர்ந்து 1985இல் ‘காஸ்ட்ஃபோர்டு’ நிறுவனத்தையும் உருவாக்கினார்.

ஆகவே ஆளை அமர்த்துமுன், அவர் கட்டிய வீட்டைப் போய்ப் பார்க்கலாம். கிரகப்பிரவேசத்தன்று அல்ல, இரண்டு மழைக்காலம் கழித்து. கூலியை எப்படிக் கணக்கிடுகிறார் என்றும் கேட்கலாம். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்றால், செலவைக் குறைக்கும் ஆர்வம் யாருக்கு வரும்?

அம்மாவால் படியேற முடியாதென்றால் மாடி எதற்கு? பின்வராந்தாவை அடைத்தாலே போதும். இதை வாய்விட்டுச் சொல்லி, தன் வேலையில் பாதியைத் தானே வெட்டிக்கொள்பவர் கிடைத்தால், அவரை விட்டுவிடக் கூடாது.