சும்மா நிற்கும் குத்துக்கால்

கல்யாண மண்டபத்துத் தகரக் கூரை, செல்போன் கோபுரம், ரயில் பாலம் எதை அண்ணாந்து பார்த்தாலும் உள்ளே முக்கோணங்கள்தான் தெரியும். காரணம் எளிது. நான்கு சட்டங்களைச் சதுரமாக வைத்து மூலைக்கு ஓர் ஆணி அடித்துவிட்டு லேசாகத் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். மூன்று சட்டங்களை அப்படி அடித்தால் சாயாது. சட்டமோ ஆணியோ முறிந்தால்தான் உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கூரைச் சட்டகத்துக்கு அந்த மொழியில் 'ஃபெர்ம்' என்று பெயர். அதே சொல்லுக்கு 'உறுதியான' என்றும் பொருள் உண்டு. சட்டங்கள் கூடும் இடத்தை 'நெ' என்பார்கள், அதாவது முடிச்சு. ஒவ்வொரு முடிச்சாக எடுத்து விசைகளைக் கணக்கிடுவதால் அந்த முறைக்கே முடிச்சு முறை என்று பெயர். மேலே படித்து இன்ஜினீயர் ஆக வீட்டில் வசதி இல்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது, போய்விட்டேன். ஆனால் அந்தக் கணக்கு மட்டும் மறக்கவில்லை. அதற்குக் காரணம், அது ரொக்கப் புத்தகம் எழுதுவது போன்றது. ஒவ்வொரு முடிச்சிலும் வரவும் செலவும் சரியாக நேராக வேண்டும். மேலே தள்ளுவதும் கீழே தள்ளுவதும் சமம், இடமும் வலமும் சமம். மீதி என்று ஒன்று நின்றால் அந்த முடிச்சு நகர்ந்துவிடும்.

உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் நெல் மூட்டை வைக்கும் கிடங்கு ஒன்று வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் செங்கல் சுவர், மேலே இரும்புச் சட்டகம், தகரம். மூட்டை ஏற்றிய லாரி உள்ளே வர உயரம் போதவில்லை. குறுக்கே ஓடும் கம்பியை வெட்டிவிடலாம் என்று முடிவு செய்து வெல்டிங் ஆளையும் வரச் சொல்லிவிட்டார். "தகரத்தைத் தாங்குறது சாய்வா இருக்குற கம்பி. இந்தக் குறுக்குக் கம்பி எதைத் தாங்குது சார்?" என்று என்னைக் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். பார்வைக்கு அது எதையும் தாங்கவில்லை.

கணக்கை இங்கே எழுதுகிறேன். தச்சர்களின் பழைய பெயர்களையே வைத்துக்கொள்வோம். சாய்ந்திருப்பது கைமரம், கீழே குறுக்கே ஓடுவது விட்டம், நடுவில் செங்குத்தாக நிற்பது குத்துக்கால். சுவருக்குச் சுவர் 8 மீட்டர், முகட்டின் உயரம் 3 மீட்டர். அப்படியானால் ஒரு கைமரம் 5 மீட்டர். புரிவதற்காக, பாரம் முழுவதும் முகட்டில் 600 கிலோ என்று கொள்வோம். ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு சுவரும் 300 கிலோவை மேல்நோக்கித் தாங்குகிறது.

தெரியாத விசை இரண்டுக்கு மேல் இல்லாத முடிச்சில்தான் தொடங்க வேண்டும். சுவர்மேல் உள்ள முடிச்சு அப்படிப்பட்டது. அங்கே சுவரின் 300 கிலோவுக்கு ஈடுகொடுக்கக் கைமரம் மட்டுமே உண்டு. அதன் சாய்வு ஐந்துக்கு மூன்று. ஆகவே கைமரத்தில் 500 கிலோ அமுக்கம். அதே கைமரம் சுவர்த்தலையை வெளிப்பக்கமாக 400 கிலோ தள்ளுகிறது. அந்த 400 கிலோவைத் திருப்பி இழுத்துப் பிடிப்பது விட்டம். அதை வெட்டினால் அந்தத் தள்ளல் முழுவதும் சுவருக்குப் போகும். செங்கல் சுவர் தலைமேல் எவ்வளவு வைத்தாலும் பொறுக்கும், பக்கவாட்டில் தள்ளினால் பொறுக்காது. கீழே மூட்டை தூக்கும் ஆட்கள் நிற்கிறார்கள்.

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. இரண்டு அடிஸ்கேலை மேசைமேல் கூரைபோல் சாய்த்து வைத்தேன். கால்கள் வழுக்கி இரண்டும் விழுந்தன. கால்களை ஒரு நூலால் கட்டி மறுபடி வைத்தேன், நின்றன. "இந்த நூல்தான் உங்கள் குறுக்குக் கம்பி" என்றேன். வெல்டிங் ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். பிறகு உள்தரையைத் தாழ்த்திக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டகத்தில் உண்மையிலேயே சும்மா இருப்பது குத்துக்கால்தான். விட்டத்தின் நடு முடிச்சைப் பாருங்கள். இடமும் வலமும் 400 கிலோ இழுத்துச் சரியாகிவிடுகிறது. மேலும் கீழும் இழுக்க வேறு ஒன்றும் இல்லை. எனவே குத்துக்காலில் விசை பூஜ்யம். அதற்காக அதையும் வெட்டிவிடக் கூடாது. நீண்ட விட்டம் தன் எடையாலேயே தொய்யாமல் பிடிப்பது அதுதான். அந்த நடு முடிச்சில் ஒரு 200 கிலோ சாமானைத் தொங்கவிட்டால் குத்துக்கால் உடனே 200 கிலோவை இழுத்துப் பிடிக்கும். கைமரத்தின் அமுக்கமும் 500-லிருந்து சுமார் 667-க்கு ஏறும். கூரைக் கம்பியில் எதையாவது தொங்கவிடும் முன் யோசிக்க வேண்டியது இதுதான்.

பெரிய இடங்களிலும் இந்தக் கணக்கு தவறியிருக்கிறது. கனடாவில் கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். தூண்களுக்கு இடையிலான நீளத்தை 1600 அடியிலிருந்து 1800 அடியாகக் கூட்டியவர்கள், பாலத்தின் சொந்த எடை கூடியதை நேரத்தில் திருத்திக் கணக்கிடவில்லை. அமுக்கம் தாங்கும் கீழ்ச் சட்டங்கள் வளைந்துவிட்டன. இழுபடும் கம்பி நேராக நிற்கும், அமுங்கும் கம்பி வளையப் பார்க்கும். அதனால்தான் எது இழுபடுகிறது, எது அமுங்குகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நம் பாம்பனில் 1914-ல் திறந்த பழைய பாலத்தின் தூக்குப் பகுதிக்கு இரண்டு இறக்கைகள். மூடியிருக்கும்போது ரயில் பாரம், திறந்திருக்கும்போது ஒரு பக்கப் பிடிமானம் மட்டும். இரண்டு நிலைக்கும் தனித்தனியே கணக்குப் போட்டாக வேண்டும். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் சுமார் 72 மீட்டர் நீளப் பகுதி மொத்தமாகச் செங்குத்தாக எழும்புகிறது. ஆளும் இயந்திரமும் மாறினாலும் முடிச்சுக் கணக்கு மாறவில்லை.

எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றி எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதில் உள்ள இன்னொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. ஓரிடத்தில் கணக்கு நேராகாவிட்டால் அதன் பாரம் அடுத்தவர்மேல் விழும் என்பது பராந்தக சோழன் காலத்திலேயே இங்கே தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டிலோ கடையிலோ கூரைக் கம்பி ஒன்று இடைஞ்சலாக இருந்தால், வெட்டும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலைதான்.