முதல் படம் சுத்தமாக இருந்தாலும்

இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது 2014 மார்ச்சில். அதே ஆண்டு அமெரிக்காவின் கொலராடோவில், சளி காய்ச்சல் வந்த சில நாளில் குழந்தைகளுக்குக் கையோ காலோ திடீரெனத் துவண்டது. போலியோ இல்லை. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தின் நடுவே சாம்பல்நிறப் பகுதி மட்டும் வெள்ளையாய் ஒளிர்ந்தது. போலியோ தாக்கும் அதே இடம்! சந்தேகம் என்டிரோவைரஸ் டி68 என்ற வைரஸ் மீது விழுந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. ஆரம்பத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் சுத்தமாகவும் இருக்கலாம். சின்னக் குழந்தை அசையாமல் படுக்காது, மயக்க மருந்து வேண்டும் (அதைக் கேட்டதுமே பெற்றவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும்). ஆனாலும் "ஒண்ணுமில்லை" என்றதும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். பிள்ளை கையைத் தூக்கவில்லையா? மூளையோடு நிறுத்தாமல் முழுத் தண்டுவடத்தையும் படம் எடுக்க வேண்டுமா, சில நாளில் மறுபடி எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.